சுகர் கிளைடர்: ஒரு இனமா, மூன்றா? பழைய பதிவுகளை எப்படித் திருத்துவது?

நீலமலை

ஆஸ்திரேலியப் பாலூட்டிகளின் தமிழ்ப் பட்டியல் ஒன்றைச் சரிபார்க்கும் வேலை நடக்கிறது. சுகர் கிளைடர் பதிவில் முட்டி நிற்கிறது. இப்போதுள்ள வாசகம்: "பெடாரஸ் பிரெவிசெப்ஸ். இரவாடி. மரத்துக்கு மரம் சறுக்கிச் செல்லும் சிறு பைப்பாலூட்டி. பறக்கும் அணிலின் உறவு. வடக்கு, கிழக்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா, நியூ கினி." 2020-ல் இதை மூன்று இனமாகப் பிரித்துவிட்டார்கள் என்பது தெரியும். என் சந்தேகங்கள்:

எந்தப் பகுதி விலங்குக்கு எந்தப் பெயர்? படத்தை மட்டும் வைத்து இனம் சொல்ல முடியுமா? டாஸ்மேனியாவை எங்கே வைப்பது? வீட்டில் வளர்க்க விற்கிறார்களே, அது பிரெவிசெப்ஸ்தானா?

கீழ்ப்பல்

முதல் வேலையாக அணில் உறவை அடித்துவிடுங்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் பெரிய பறக்கும் அணிலும், திருவிதாங்கூர் பறக்கும் அணிலும் கொறிணிகள். சுகர் கிளைடர் பைப்பாலூட்டி. இரண்டுக்கும் பொதுவான மூதாதை டைனோசர் காலத்தில் இருந்தது. சறுக்குச் சவ்வு இரண்டிலும் தனித்தனியே தோன்றியது. அமைப்பிலேயே வேறுபாடு தெரியும்: பறக்கும் அணிலுக்கு மணிக்கட்டிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு குருத்தெலும்புக் குச்சி நீண்டு சவ்வின் ஓரத்தை விரித்துப் பிடிக்கும். பெடாரஸில் அந்தக் குச்சி கிடையாது. சவ்வு முன்கையின் ஐந்தாம் விரலில் தொடங்கி, பின்னங்காலின் கட்டைவிரல் பக்கம்வரை ஓடுகிறது.

மேல்நிலை வகைப்பாட்டில் சண்டை இல்லை. வரிசை டைப்ரோடோடான்ஷியா. கங்காரு, கோவாலா, வாம்பட் எல்லாம் இதே வரிசை. அடையாளம் இரண்டு: கீழ்த்தாடையில் முன்னோக்கி நீட்டிய ஒரு ஜோடி பெரிய வெட்டுப்பற்கள், பின்பாதத்தில் இரண்டாம், மூன்றாம் விரல்கள் ஒரே தோலுறைக்குள் ஒட்டியிருக்க, நகம் மட்டும் இரண்டாக வெளியே தெரிவது. அந்த ஒட்டுவிரலால்தான் முடியைச் சீவிக்கொள்கிறது.

அதற்குக் கீழே பெடாரோய்டியா என்ற பெருங்குடும்பம், அதில் நான்கு குடும்பங்கள். நம்முடையது பெடாரிடே. இதில் மூன்று பேரினங்கள்: சறுக்கும் பெடாரஸ், வரிப்பொசம் எனப்படும் டாக்டிலோப்சிலா (பொசம் என்றால் மரத்தில் வாழும் பைப்பாலூட்டி), லீட்பீட்டர் பொசம் என்ற ஒரே இனத்தைக் கொண்ட ஜிம்னோபெலிடியஸ். லீட்பீட்டர் பொசத்துக்குச் சவ்வே இல்லை, ஆனாலும் அது பெடாரஸின் நெருங்கிய சொந்தம். 1867-ல் விவரிக்கப்பட்டு, அழிந்துபோனதாகவே கருதப்பட்டு, 1961-ல் விக்டோரியாவில் மறுபடி கண்ணில் பட்டது.

சவ்வு இருப்பதை வைத்துச் சொந்தம் பேசக் கூடாது என்பதற்கு இன்னொரு சான்று: பைப்பாலூட்டிகளுக்குள்ளேயே சறுக்கல் மூன்று முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. பெடாரஸ் ஒன்று. பெரிய கிளைடரான பெடராய்டிஸ் இரண்டாவது. அது வளையவால் பொசம் குடும்பம், சவ்வு முழங்கையோடு நின்றுவிடும். இறகுவால் கிளைடரான அக்ரோபேட்ஸ் மூன்றாவது. எடை 10 முதல் 15 கிராம்தான், வாலின் இருபுறமும் மயிர் இறகு மாதிரி வரிசையாக நிற்கும். பெடாரஸ், பெடராய்டிஸ் என்ற இரண்டு பெயரையும் குழப்பிக்கொண்ட கட்டுரைகள் தமிழில் மட்டுமல்ல, ஆங்கிலத்திலும் ஏராளம்.

நீலமலை

நன்றி. அணில் வரி போய்விட்டது. பற்சூத்திரம் ஒன்றும் சேர்க்கலாமா?

கீழ்ப்பல்

தாராளமாக. ஒரு பக்கத்துக்கு: மேலே வெட்டுப்பல் 3, கோரைப்பல் 1, முன்கடைவாய் 3, கடைவாய் 4. கீழே வெட்டுப்பல் 2, கோரை இல்லை, முன்கடைவாய் 3, கடைவாய் 4. இரு பக்கமும் சேர்த்து 40. அணிலுக்கு மேலே ஒரு ஜோடி வெட்டுப்பல்தான், அதுவும் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பது. மண்டையோடு கையில் இருந்தால் ஐந்து நொடியில் தீர்ந்துவிடும் கேள்வி.

பழைய ஏடு

மூன்றாகப் பிரித்தது எனக்கு உடன்பாடில்லை. இப்போதெல்லாம் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. வரிசையில் நாலு எழுத்து மாறினால் புது இனம் என்கிறார்கள். மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டும் வருவது. பெண் விலங்குகள் பிறந்த இடத்தை விட்டு நகராமல், ஆண்கள் மட்டும் நகரும் இனத்தில் தாய்வழிக் கிளைகள் ஆழமாகப் பிரிந்து தெரியும், உட்கருவில் ஒன்றும் இருக்காது. மேலும் இவை கண்ணுக்கு ஒரே மாதிரி. துணையினம் என்று விட்டிருக்கலாமே?

கீழ்ப்பல்

சரியான எதிர்க்கேள்விதான், பொதுவாகப் பிரிப்பு வேலைகளுக்கு இதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் இந்த வழக்கில் நிற்காது. இரண்டு காரணம்.

ஒன்று, இது மைட்டோகாண்ட்ரியாவோடு முடிந்த வேலை அல்ல. 2010-ல் மாலேகியன் குழு வெளியிட்ட ஆய்வுகளில் மைட்டோகாண்ட்ரியாவின் என்டி2, என்டி4 மரபணுக்களோடு உட்கருவின் ஒமேகா குளோபின் மரபணுவையும் பார்த்தார்கள். கிழக்கு ஆஸ்திரேலியாவில் ஒன்றுக்கொன்று விலகிய இரண்டு கிளைகள் இருப்பது அப்போதே தெரிந்துவிட்டது. அதற்காக உடனே பெயர் வைக்கவில்லை. பத்து ஆண்டு கழித்து, 2020-ல், டீகன் கிரெமோனா தலைமையிலான குழு அருங்காட்சியக மாதிரிகளின் மண்டையோடு, உடல் அளவு, மயிர்நிறம் ஆகியவற்றை மரபுத் தரவோடு பொருத்திப் பார்த்த பிறகே மூன்று இனம் என்று முன்வைத்தார்கள்: கிழக்குக் கரையோரத்தில் பிரெவிசெப்ஸ், உள்நாட்டில் நோடேடஸ், வடக்கில் ஏரியல். மரபுக்கிளையும் உருவக் கூட்டமும் ஒரே எல்லையில் வந்து நின்றன.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியமானது. வடக்கு ஆஸ்திரேலியாவின் விலங்கு, இப்போது பெடாரஸ் ஏரியல், கிழக்குக் கரை சுகர் கிளைடருக்கு நெருங்கிய சொந்தமே அல்ல. மரபுமரத்தில் அது இதே பேரினத்தின் பெரிய இனங்களான ஸ்குவிரல் கிளைடர், மஹோகனி கிளைடர் ஆகியவற்றின் பக்கம் போய் உட்காருகிறது. ஆகவே ஏரியலைப் பிரெவிசெப்ஸின் துணையினம் என்று வைத்திருக்க வேண்டுமானால், ஸ்குவிரல் கிளைடரையும் மஹோகனி கிளைடரையும் அதே இனத்துக்குள் இழுத்துவர வேண்டும். முதலாவது இரட்டிப்பு எடை, இரண்டாவது மூன்று மடங்கு. அதற்கு நீங்களே சம்மதிக்க மாட்டீர்கள்.

நியாயமாக வாதாடக்கூடிய இடம் பிரெவிசெப்ஸுக்கும் நோடேடஸுக்கும் இடையே மட்டும்தான். அவை உண்மையிலேயே அக்கா தங்கை. பிரிந்து ஏறத்தாழ 10 லட்சம் ஆண்டு என்று கணிக்கிறார்கள். ஆனால் தென்கிழக்குக் குவீன்ஸ்லாந்தையும் வடக்கு நியூ சவுத் வேல்ஸையும் ஒட்டிய சில பகுதிகளில் இரண்டும் இருந்தும், ஒன்றாகக் கலந்து கரைந்துவிடவில்லை.

பழைய ஏடு

ஏரியல் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். நோடேடஸில் இன்னும் அரை மனசு. அது இருக்கட்டும், ஏன் கரையோர விலங்குக்குப் பிரெவிசெப்ஸ் என்ற பெயர் போனது? பரப்பில் பெரியது நோடேடஸ்தானே. அதற்கே பழைய பெயரைக் கொடுத்திருந்தால் பாதிப் பதிவுகளைத் திருத்தவே வேண்டியிருக்காது.

கீழ்ப்பல்

பெயர் பரப்பைப் பார்த்துப் போவதில்லை, மூலமாதிரியைப் பார்த்துப் போகும். வாட்டர்ஹவுஸ் 1839-ல் பிரெவிசெப்ஸை விவரித்தது நியூ சவுத் வேல்ஸ் மாதிரியை வைத்து. அந்த மாதிரி எந்தக் கூட்டத்தில் விழுகிறதோ, பெயர் அந்தக் கூட்டத்துக்கே. மீதி இரண்டுக்கும் புதுப்பெயர் வைக்கவும் முடியாது. ஏற்கெனவே யாராவது முறையாக வைத்த பெயர் தூங்கிக்கொண்டிருந்தால், அதில் மூத்ததை எழுப்ப வேண்டும். வடக்கு விலங்குக்கு ஜான் கூல்டு 1842-ல் வைத்த ஏரியல் இருந்தது. உள்நாட்டு விலங்குக்கு பெர்லினின் பீட்டர்ஸ் 1859-ல் வைத்த நோடேடஸ் இருந்தது. நூற்றாண்டுக்கு மேல் இரண்டும் பிரெவிசெப்ஸின் இணைப்பெயராகவோ துணையினமாகவோ கிடந்தவை. 2020-ல் செய்தது உயிர்ப்பித்தது மட்டுமே. செய்தித்தாள்கள் "புதிய இனம் கண்டுபிடிப்பு" என்று போட்டதைப் பட்டியலில் எழுதாதீர்கள்.

பொதுப்பெயர்கள்: பிரெவிசெப்ஸ் சுகர் கிளைடராகவே இருக்கிறது, நோடேடஸ் கிரெஃப்ட் கிளைடர், சிட்னியில் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தை நடத்திய ஜெரார்ட் கிரெஃப்ட் நினைவாக, ஏரியல் சவானா கிளைடர்.

பேரினத்தின் மற்ற ஐந்தையும் சேர்த்துவிடுகிறேன்: மஞ்சள்வயிற்றுக் கிளைடர் ஆஸ்ட்ராலிஸ் (ஷா, 1791), ஸ்குவிரல் கிளைடர் நார்ஃபோல்சென்சிஸ் (கெர், 1792), மஹோகனி கிளைடர் கிராசிலிஸ் (டி விஸ், 1883), பியாக் தீவின் பியாகென்சிஸ் (அல்மர், 1940), பப்புவா நியூ கினியின் வடக்குக் கிளைடர் அபிடி (சீக்லர், 1981). ஆக எட்டு. நார்ஃபோல்சென்சிஸில் ஏமாந்துவிடாதீர்கள்: நார்ஃபோக் தீவில் அந்த விலங்கு கிடையாது, இருந்ததும் இல்லை. கெர் அதை அணில் பேரினமான சியூரஸுக்குள் வேறு வைத்திருந்தார். பேரினத்தை மாற்றினார்கள், இனப்பெயர் அப்படியே நிற்கிறது. பொருந்தாத பெயர் என்பதற்காக விலங்கியல் பெயரிடல் விதிகள் ஒரு பெயரைத் தள்ளுவதில்லை.

மஹோகனி கிளைடர் கதை பிரிப்பாளர் கட்சிக்கு நல்ல சாட்சி. 1883-ல் பெயர் வைத்தார்கள், பிறகு ஸ்குவிரல் கிளைடரின் பெரிய வடிவம் என்று ஒதுக்கிவிட்டார்கள். 1989-ல் வடக்குக் குவீன்ஸ்லாந்தில் உயிரோடு மறுபடி கிடைத்தது, 1993-ல் வான் டைக் தனி இனம் என்று நிறுவினார். அதற்குள் அதன் தாழ்நிலக் காட்டின் பெரும்பகுதி கரும்புத் தோட்டமாகவும் மேய்ச்சல் நிலமாகவும் ஆகிவிட்டது. ஒன்றாகச் சேர்த்து வைத்தால் பாதுகாப்புக் கணக்கிலும் தனியாக வராது.

மரநிழல்

களப்பக்கத்தை நான் எழுதுகிறேன். படத்தை வைத்து இனம் சொல்வதற்கு ஒரு வரிசை இருக்கிறது. இடம், அளவு, வால், முகம், முதுகுக்கோடு. இந்த வரிசையை மாற்றினால் தப்பு வரும்.

இடம் தெரியாத படத்துக்கு இனம் எழுதவே எழுதாதீர்கள். பெடாரஸ் என்று நிறுத்துங்கள்.

அளவு: சுகர் கிளைடரும் கிரெஃப்ட் கிளைடரும் வளர்ந்த நிலையில் ஏறத்தாழ 90 முதல் 150 கிராம். ஸ்குவிரல் கிளைடர் 190 முதல் 300. மஞ்சள்வயிறு 450-க்கு மேல். கையில் பிடித்துத் தராசில் போட்டால் சுலபம், படத்தில் அல்ல. இங்கே வழக்கமாக நடக்கும் பிசகு, வளர்கிற ஸ்குவிரல் குட்டியைச் சுகர் கிளைடர் என்று எழுதுவது. 130 கிராமில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆண் என்றால் உச்சந்தலையைப் பாருங்கள். முதிர்ந்த ஆணுக்கு அங்கே வாசனைச் சுரப்பி இருப்பதால் மயிர் உதிர்ந்து வழுக்கை தெரியும். பெண் என்றால் மேல் முதல் வெட்டுப்பல்லின் தேய்மானத்தைப் பாருங்கள். நுனி கூராக, தேயாமல் இருந்தால் இளசு.

வால்: ஸ்குவிரல் கிளைடருக்கு வாலடி உடம்போடு சேரும் இடத்தில் மிகப் பருமன், மயிர் செழிப்பு, நுனியில் வெள்ளை வராது. சுகர் வகைகளுக்கு வால் மெலிந்தது. வால்நுனி வெள்ளையாக இருந்தால் ஸ்குவிரலை நீக்கிவிடலாம். வெள்ளை இல்லையென்றால் எதையும் நீக்க முடியாது. இந்த ஒருவழித்தன்மையைப் பலர் கவனிப்பதில்லை.

முகம், வயிறு: ஸ்குவிரலுக்கு மூக்கு நீளம், அடிவயிறு தூய வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள். சுகர் வகைகளுக்கு முகம் குட்டை, வயிறு சாம்பல் கலந்தது. சவானா கிளைடர் சுகர் கிளைடர் அளவில் இருந்தும் மூக்கு கூரானது, ஸ்குவிரல் சாயல். மரபுமரம் சொன்னதும் அதைத்தான்.

முதுகுக்கோடு: கிரெஃப்ட் கிளைடருக்கு நெற்றியிலிருந்து ஓடும் கருங்கோடு பொதுவாகத் தெளிவான விளிம்போடு இருக்கும், வால் புசுபுசுவென்று இருக்கும். கரையோர சுகர் கிளைடருக்கு அந்தக் கோடு மங்கல். இரவு டார்ச் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் இதை நம்பாதீர்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் மங்கல் கோடும் தெளிவாகும்.

குரலும் உதவும். சுகர் வகைகள் நாய்க்குட்டி குரைப்பது போலக் கூர்மையாக, ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்பக் கத்தும். மஞ்சள்வயிறு நீண்ட அலறல், இறுதியில் களகளவென்ற ஓசை. ஆனால் குரலை வைத்து பிரெவிசெப்ஸா நோடேடஸா என்று பிரிக்க முயலாதீர்கள்.

நீலமலை

பிரெவிசெப்ஸ், நோடேடஸ் இரண்டும் இருக்கும் பகுதியில் உறுதியாகச் சொல்ல என்ன வழி?

மரநிழல்

திசு எடுத்து மரபணு பார்ப்பதுதான். உரிமம் உள்ள ஆய்வாளர்கள் செய்யும் முறை இது. எலியட் பொறி எனப்படும் மடக்கு அலுமினியப் பெட்டியை மரத்தண்டில் தாங்கி அடித்து, தரையிலிருந்து 3 முதல் 4 மீட்டர் உயரத்தில் வைப்பார்கள். உள்ளே ஓட்ஸ், நிலக்கடலை வெண்ணெய், தேன் சேர்த்துப் பிசைந்த உருண்டை. பொறிக்கு மேலே தண்டு முழுக்கத் தேன் கலந்த நீரைத் தெளிப்பார்கள்; விலங்கை இறக்கிக் கொண்டுவருவது அந்த வாசனைதான். மாலையில் தெளிக்க வேண்டும். மதியம் தெளித்தால் காய்ந்துபோகும், எறும்பு மொய்க்கும், எறும்பு பொறிக்குள்ளும் போய் அகப்பட்டதைக் கடித்துக் குதறிவிடும்.

பெட்டியின் பின்புறத்தில் காய்ந்த இலையோ மரச்சீவலோ கட்டாயம் இருக்க வேண்டும், பெட்டியைச் சற்றே வாய்ப்பக்கம் சாய்த்து வைக்க வேண்டும், மழைநீர் தேங்காமல். விடியலில் முதல் வேலையாகப் பார்வை. குளிர்காலத்தில் உள்ளே உருண்டையாகச் சில்லிட்டுக் கிடந்தால் செத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. இந்தப் பேரினத்தின் சிறிய இனங்கள் குளிரிலும் பட்டினியிலும் உடல்வெப்பத்தை இறக்கிச் சில மணிநேரம் மந்தநிலைக்குப் போகும். துணிப்பையில் போட்டு உடம்போடு ஒட்டி மெதுவாகச் சூடேற்றினால் நடுங்கத் தொடங்கி எழும். விளக்கின் கீழே வைத்துச் சுட்டெடுப்பது ஆபத்து. பகலில் விட்டால் ஆந்தை வராவிட்டாலும் கூகபரா என்ற பெரிய மீன்கொத்தி வரும், அதனால் பிடித்த அதே மரத்தில் அந்திக்குப் பிறகு விடுவார்கள்.

திசு என்றால் காதோரத்தில் 2 மி.மீ. வட்டத் துண்டு. 95 சதவீத எத்தனாலில் போட்டுக் குளிரில். ஃபார்மலினில் போட்ட திசுவில் மரபணு சிதைந்துவிடும். சாலையில் அடிபட்டுக் கிடந்ததாக இருந்தாலும் காதுத்துண்டு போதும், ஆனால் வெயிலில் கிடந்தது என்றால் தசையின் உட்பகுதி நல்லது.

பழைய ஏடு

பழைய மாதிரிகளின் சீட்டுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இடத்தை வைத்துப் பெயர் மாற்றப் போகிறீர்கள் என்றால், சீட்டில் உள்ள இடப்பெயர் எந்த ஆண்டு இடப்பெயர் என்று பாருங்கள். விக்டோரியா 1851-ல்தான் பிரிந்தது, குவீன்ஸ்லாந்து 1859-ல். அதற்கு முன் எழுதிய "நியூ சவுத் வேல்ஸ்" என்பதில் இரண்டும் அடக்கம். வடக்கு ஆட்சிப்பகுதி 1863 முதல் 1911 வரை தென் ஆஸ்திரேலியாவின் கையில் இருந்தது; அந்தக் காலத்துச் சீட்டில் "தென் ஆஸ்திரேலியா" என்றிருந்தால் வடகோடியில் உள்ள டார்வின் நகரமாகவும் இருக்கலாம். கிரெஃப்ட் கிளைடர் என்று திருத்தி வைத்தால் உண்மையில் சவானா கிளைடராக இருக்கும்.

பேரினப்பெயரும் கவனம். 19-ஆம் நூற்றாண்டு நூல்களில் இவை பெலிடியஸ் என்ற பெயரில் வரும். ஜிம்னோபெலிடியஸ் என்ற பெயரே அதிலிருந்து வந்தது. சியூரஸ் என்று இருந்தால் அது ஸ்குவிரல் கிளைடர், நம் விலங்கு அல்ல.

கீழ்ப்பல்

அருமையான குறிப்பு. பட்டியலில் அடிக்குறிப்பாகவே போடலாம்.

கூண்டுக்காரர்

வளர்ப்பு விலங்கு பற்றி யாரும் தொடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன்: கடையில் விற்பது பிரெவிசெப்ஸ் அல்ல.

ஆஸ்திரேலியா தன் காட்டு விலங்குகளை வணிகத்துக்கு வெளியே விடுவதில்லை. அமெரிக்காவில் வளர்க்கப்படும் சுகர் கிளைடர்களின் மரபணுவைப் பார்த்து 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. அவற்றின் வேர் இந்தோனேசியாவின் மேற்குப் பப்புவா, சோரோங் வட்டாரம். அதாவது நியூ கினி விலங்கு. 2020 பிரிப்புக்குப் பிறகு பிரெவிசெப்ஸ் என்ற பெயர் கிழக்கு ஆஸ்திரேலியக் கரையோரத்துக்கு மட்டும். ஆகவே உலகம் முழுக்கக் கூண்டில் "பெடாரஸ் பிரெவிசெப்ஸ்" என்று சீட்டு ஒட்டிய விலங்குகளில் பெரும்பான்மைக்கு அந்தப் பெயர் பொருந்தாது. வெள்ளை, மொசைக், பிளாட்டினம் என்று விற்பதெல்லாம் நிறவகை, இனம் இல்லை.

வகைப்பாடு மாறியதால் தீனி மாறாது, ஆனால் ஒரு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். சுகர் என்ற பெயரைப் பார்த்துவிட்டுப் பழம் மட்டும் போடுகிறார்கள். காட்டில் இது அக்கேசியாப் பிசின், யூக்கலிப்டஸ் சாறு, செதில்பூச்சிகளின் இனிப்புக் கழிவு, பூந்தேன், மகரந்தம், பூச்சி எல்லாம் தின்பது. பிசினை நொதிக்கவைக்கப் பெருத்த குடல்வால் பை இருக்கிறது. பழமும் மீல்வர்ம் புழுவும் மட்டும் கிடைத்தால் கால்சியம் குறையும். மீல்வர்மில் கால்சியத்தைவிட பாஸ்பரஸ் பல மடங்கு. எலும்பிலிருந்து கால்சியம் உருவப்பட்டு, முதலில் ஏறுவதற்குத் தயங்கும், பிறகு பின்னங்கால் இழுக்கும், அதன்பின் தொடையெலும்பு தானாகவே முறியும். மொத்தத் தீனியில் கால்சியம் பாஸ்பரஸைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். பின்னங்கால் இழுப்பைக் குதிக்கும்போது பட்ட அடி என்று நினைத்து நாள் கடத்துவதுதான் வழக்கமான தவறு. எக்ஸ்ரேயில் எலும்பு மங்கலாகத் தெரிந்தால் காரணம் தீனி.

நீலமலை

அப்படியானால் நியூ கினி விலங்குக்கு என்ன பெயர் எழுதுவது?

கீழ்ப்பல்

2020 பிரிப்பு ஆஸ்திரேலிய விலங்குகளைப் பற்றியது. நியூ கினிக் கூட்டங்கள் பிரித்து முடிக்கப்படவில்லை. அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட கிளை இருக்கிறது என்பது மரபுத் தரவில் தெரிகிறது. தாமஸ் 1888-ல் வைத்த பாப்புவானஸ் என்ற பெயர் காத்திருக்கிறது. பியாகென்சிஸ் 1940-தான் என்பதால், இரண்டும் ஒரே இனம் என்று யாராவது முடிவு செய்தால் பாப்புவானஸ் மூத்தது, அது வெல்லும். அதுவரை "பெடாரஸ் பிரெவிசெப்ஸ், பரந்த பொருளில்" என்று எழுதி, அடைப்புக்குள் நியூ கினி என்று போடுங்கள். பாப்புவானஸை நீங்களாகவே இனமாக உயர்த்திவிடாதீர்கள், பட்டியல் அந்த வேலைக்கான இடம் இல்லை.

மரநிழல்

டாஸ்மேனியாவுக்கு வருகிறேன். அதைத் தாயகப் பரப்பில் சேர்க்கவே கூடாது. 1830-களில் விக்டோரியாப் பக்கமிருந்து மனிதர் கொண்டுவந்து விட்டது. 2018-ல் வந்த ஆய்வு ஒன்று பழைய எழுத்துச் சான்றுகளையும் மரபணுவையும் சேர்த்துப் பார்த்து இதை உறுதி செய்தது. இனம் கிரெஃப்ட் கிளைடர், நோடேடஸ்.

இது வெறும் பெயர்ப்பிரச்சினை இல்லை. ஸ்விஃப்ட் கிளி டாஸ்மேனியாவில் மட்டுமே இனப்பெருக்கம் செய்யும். இரவில் பொந்துக்குள் முட்டைமேல் உட்கார்ந்திருக்கும் பெட்டையையே கிளைடர் கொன்று தின்கிறது. முட்டை போனால் மறுபடி இடலாம். பெட்டை போனால் ஆண்கள் மட்டும் மிஞ்சுகின்றன. கிளைடர் எட்டாத புரூனி, மரியா தீவுகளில் கூடுகள் நன்றாகப் பிழைக்கின்றன. பெருந்தீவில் கூடுப்பெட்டிகளுக்கு ஒளியுணரியோடு கதவு பொருத்திப் பார்த்தார்கள்: இருட்டினால் மூடும், விடிந்தால் திறக்கும். கிளி பகலாடி என்பதால் பொழுது சாய்வதற்குள் உள்ளே வந்துவிடும், கிளைடர் எழுந்து வரும்போது கதவு அடைத்திருக்கும். பழைய பட்டியல்கள் டாஸ்மேனியாவைச் சாதாரணமாகப் பரப்பில் சேர்த்ததால், உள்ளூர் விலங்கு உள்ளூர்ப் பறவையைத் தின்கிறது என்றே பலர் படித்தார்கள்.

பழைய ஏடு

ஒரு ஐயம். அகன்ற நெடுஞ்சாலை, வெட்டவெளி போன்றவை இனங்களின் எல்லையை முடிவு செய்யுமா? எவ்வளவு தூரம் தாண்டும்?

மரநிழல்

50 மீட்டர்வரை சறுக்குவதாகப் புத்தகங்கள் போடும். அது உச்சம். கணக்குப் போடுவதற்கு வேண்டியது விகிதம்: 1 மீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட 1.8 மீட்டர் முன்னேறும். 18 மீட்டரில் பாய்ந்து, எதிர்மரத்தின் தண்டில் 4 மீட்டரில் இறங்க வேண்டும் என்றால் இறக்கம் 14, தூரம் 25 மீட்டர். மரம் 10 மீட்டர்தான் என்றால் 10 மீட்டர் அகலமே கஷ்டம். இளங்காட்டின் நடுவில் போகும் இருவழிச் சாலைகூடத் தடையாகும் காரணம் இதுதான். ஹியூம் நெடுஞ்சாலையில் சாலையோரமும் நடுத்திட்டிலும் உயரமான மரக்கம்பங்கள் நட்டு ஸ்குவிரல் கிளைடர்களைத் தாண்டவைத்திருக்கிறார்கள். உச்சியில் குறுக்குக்கட்டை இருக்கும், அதிலிருந்து பாயும்.

ஆனால் இனங்களின் எல்லை சாலைக்கெல்லாம் முந்தியது. கரையோர ஈரக்காடும் மலைக்கு அப்பாலுள்ள வறண்ட காடும் பனியுகச் சுழற்சிகளில் விலகி விலகிச் சேர்ந்ததன் கணக்கு அது. உணவு மரங்களும் ஓரளவு வேறு. விக்டோரியாவில் கிரெஃப்ட் கிளைடருக்குக் குளிர்காலச் சோறே கறுப்பு வாட்டில் என்ற அக்கேசியா மரத்தின் பிசின். நீலகிரியில் சீகை என்று சொல்லி வெட்டிக்கொண்டிருக்கிறோமே, அதே மரம்தான்.

கூண்டுக்காரர்

பாதுகாப்பு நிலையில் பிரிப்பு என்ன மாற்றியது என்பதையும் ஒரு வரி சேர்க்கலாம்.

கீழ்ப்பல்

சேர்க்கத்தான் வேண்டும். ஒரே இனமாக இருந்தபோது வடமேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லியிலிருந்து நியூ கினிவரை பரவிய விலங்கு, கவலையே இல்லை என்ற கணக்கு. இப்போது பிரெவிசெப்ஸின் பங்கு கிழக்கு ஆஸ்திரேலியாவின் பெருமலைத் தொடருக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒரு பட்டை. 2019–20 காட்டுத்தீ எரித்ததும் அந்தப் பட்டையின் காடுகளைத்தான். ஏரியலுக்கு வேறு சிக்கல், வடக்கு ஆஸ்திரேலியாவில் சிறு பாலூட்டிகள் பொதுவாகவே குறைந்துவருகின்றன. பழைய பதிவில் இருக்கும் "பரவலாகக் காணப்படும்" என்ற சொல்லை நோடேடஸுக்கு மட்டும் விட்டுவைத்து, மற்ற இரண்டிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

நீலமலை

எல்லாவற்றையும் வைத்து இப்படி மாற்றுகிறேன், சரியா பாருங்கள். சிட்னி, கரையோர நியூ சவுத் வேல்ஸ் பதிவுகள்: பிரெவிசெப்ஸ். மலைத்தொடருக்கு மேற்கே, விக்டோரியாவின் பெரும்பகுதி, தென்கிழக்குத் தென் ஆஸ்திரேலியா, வடகிழக்குக் குவீன்ஸ்லாந்து: நோடேடஸ். கிம்பர்லி, வடக்கு ஆட்சிப்பகுதி: ஏரியல். டாஸ்மேனியா: நோடேடஸ், அறிமுகமானது. நியூ கினி, வளர்ப்பு: பிரெவிசெப்ஸ் பரந்த பொருளில். தென்கிழக்குக் குவீன்ஸ்லாந்தும் அதை ஒட்டிய வடக்கு நியூ சவுத் வேல்ஸும்: திசு இல்லாவிட்டால் "பிரெவிசெப்ஸ் அல்லது நோடேடஸ்".

கீழ்ப்பல்

சரி. இரண்டு திருத்தம். பழைய பெயரை அழிக்காமல் "முன்பு இப்படிப் பதிவானது" என்ற தனிக் கட்டத்தில் வையுங்கள். நாளைக்கு நியூ கினி பிரிந்தால் மறுபடி தேட வேண்டியிருக்காது. பெயரை எதை வைத்து மாற்றினீர்கள் என்பதற்கும் ஒரு கட்டம்: இடம், உருவம், மரபணு, மூன்றில் ஒன்று. இடத்தை வைத்து மாற்றியதை மரபணு உறுதி என்று யாராவது எடுத்துக்கொண்டு பரப்பு வரைபடம் போட்டால், நாம் ஊகித்ததையே நமக்குச் சான்றாகத் திருப்பிக் காட்டுவார்கள்.

மரநிழல்

கிழக்கு விக்டோரியாவையும் சந்தேகக் கட்டத்தில் போடுங்கள். அங்கே கரையோரப் பட்டை மெலிந்து முடிகிறது, எந்தப் பக்கம் என்று இடத்தை மட்டும் வைத்துச் சொல்வது சரிப்படாது. மற்றபடி போகலாம்.